திறன்பேசி இயங்குதளத் தேர்வும் ஸ்ரீபெரும்புதூர் கைபேசித் தொழிலும்

திறன்பேசி இயங்குதளம் என்பது கைபேசியின் வன்பொருளையும் செயலிகளையும் இணைத்து இயக்கும் அடிப்படை மென்பொருள். சிம்பியன், பிளாக்பெர்ரி, விண்டோஸ் போன், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகியவை இத்துறையில் போட்டியிட்டவற்றுள் முதன்மையானவை. அவற்றுள் இன்று நிலைத்திருப்பவை கடைசி இரண்டு மட்டுமே. எந்தத் தளத்தில் கைபேசி செய்வது என்று நிறுவனங்கள் எடுத்த முடிவுகள் வாங்குவோரை மட்டுமன்றித் தொழிலாளரையும் பாதித்தன. மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பகுதியின் வரலாறு இதற்குச் சான்று.

நோக்கியா காலம்

பின்லாந்தின் நோக்கியா 2005இல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 2006இல் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் வளாகத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. 2011க்குள் 50 கோடிக் கைபேசிகள் இங்கிருந்து வெளியேறின. பெரும்பாலானவை எளிய மென்பொருளில் இயங்கிய பொத்தான் கைபேசிகள். விலை, உறுதி, சார்ஜ் எத்தனை நாள் நிற்கும் என்பவற்றைப் பார்த்தே மக்கள் கைபேசி வாங்கிய காலம் அது.

2007இல் ஆப்பிளின் ஐபோனும் 2008இல் கூகுளின் ஆண்ட்ராய்டில் இயங்கும் முதல் கைபேசியும் வந்தபின் செயலிகளே விற்பனையைத் தீர்மானிக்கத் தொடங்கின. ஆண்ட்ராய்டை எந்த நிறுவனமும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பதால் சாம்சங், மைக்ரோமேக்ஸ் போன்றவை குறைந்த விலையில் தொடுதிரைக் கைபேசிகளை இறக்கின. நோக்கியாவின் உயர்விலைக் கைபேசிகளை இயக்கிய சிம்பியனோ பொத்தான்களுக்கும் சிறு நினைவகத்துக்கும் ஏற்ப உருவானது. தொடுதிரைக்கு அது எளிதில் வளைந்துகொடுக்கவில்லை.

2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைவர் ஸ்டீபன் ஈலோப், ஆண்ட்ராய்டைத் தவிர்த்து மைக்ரோசாப்டின் விண்டோஸ் போனைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு வேண்டிய செயலிகள் போதிய அளவில் வந்துசேரவில்லை. 2013 செப்டம்பரில் கைபேசிப் பிரிவை மைக்ரோசாப்டுக்கு விற்க ஒப்பந்தமானது. வரித் தகராறால் ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் சொத்து முடக்கப்பட்டிருந்ததால் அந்த விற்பனையில் அது சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேற, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. நோக்கியாவை நம்பியிருந்த ஒப்பந்த உற்பத்தி நிறுவனமான ஃபாக்ஸ்கானின் ஆலையும் அடுத்த மாதம் மூடப்பட்டது. சந்தைச் சரிவு, வரி வழக்கு ஆகிய இரண்டும் சேர்ந்தே ஆலையை வீழ்த்தின.

ஐபோன் காலம்

ஃபாக்ஸ்கான் பின்னர் இப்பகுதிக்குத் திரும்பி, 2019இல் ஐபோன் எக்ஸ்ஆர் கைபேசியைப் பொருத்தத் தொடங்கியது. மைக்ரோசாப்ட் தன் கைபேசி இயங்குதளத்துக்கான ஆதரவை முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்ததும் அதே ஆண்டில்தான். நோக்கியாவின் பழைய வளாகத்தை சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் வாங்கியது. 2022இல் மறைமலை நகரை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஐபோன் பொருத்தும் பெகாட்ரான் ஆலை திறக்கப்பட்டது. அதன் பெரும்பான்மைப் பங்கை 2025இல் டாடா எலக்ட்ரானிக்ஸ் வாங்கியது.

இங்கு உருவாகும் ஐபோன்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே செல்கிறது. இந்தியாவில் பயன்பாட்டிலுள்ள திறன்பேசிகளிலோ பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆண்ட்ராய்டு.

தேர்வின் அளவுகோல்கள்

இந்தியாவில் விலையே முதல் அளவுகோல். சில ஆயிரம் ரூபாய்க்கும் ஆண்ட்ராய்டு கைபேசி கிடைக்கிறது. ஐபோனில் அந்த விலைப்பிரிவே இல்லை. தமிழில் எழுதும் வசதியும் ஒரு காரணி. 2013இல் வெளியான ஐஓஎஸ் 7இல் தமிழ் விசைப்பலகை உள்ளிணைந்து வந்தது. பாதுகாப்புப் புதுப்பிப்பில் நெடுங்காலம் ஆப்பிளின் கை ஓங்கியிருந்தது. 2023 முதல் கூகுள் பிக்சலும் 2024 முதல் சாம்சங்கின் உயர்விலைக் கைபேசிகளும் ஏழாண்டுப் புதுப்பிப்பை உறுதியளிக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய செயலிகளும் சேர்த்துவைத்த படங்களும் தளம் மாற நினைப்பவரைத் தயங்கவைக்கின்றன.

சட்டமும் மாற்று முயற்சிகளும்

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தன் செயலிகளைத் தொகுப்பாகத் திணித்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அபராதத்தை உறுதிசெய்தது. சில கட்டளைகளை மட்டும் நீக்கியது. 2023 ஜனவரியில், சென்னை ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம் பாரோஸ் என்ற இயங்குதளத்தை அறிமுகப்படுத்தியது. முன்கூட்டியே நிறுவப்பட்ட செயலிகள் இல்லாதது அதன் சிறப்பு. எனினும் அதன் அடித்தளமும் ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலே. தொடுதிரைத் திறன்பேசிகளில் மூன்றாவது தளம் எதுவும் இந்தியச் சந்தையில் இன்னும் காலூன்றவில்லை.