கண்ணாடிக் கடையிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு

மூக்குக்கண்ணாடி விற்பவர் பார்வையைச் சோதித்ததற்குத் தனிக் கட்டணம் கேட்கலாமா? ஆப்டோமெட்ரி எனப்படும் பார்வையளவியல் ஒரு கல்வித்துறையாக உருப்பெற்ற வரலாற்றில் இவ்வினாவிற்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பெர்க்லி நகரப் பல்கலைக்கழகத்தில் அமைந்துள்ள பார்வையளவியல் பள்ளி 2023-இல் நூறாண்டு கண்டது. அது எழுந்த விதத்தை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கில் சார்லஸ் பிரென்டிஸ் என்பார் கண்ணாடித் தொழில் நடத்தி வந்தார். பார்வைச் சோதனைக்கு அவர் கட்டணம் பெற்றதை 1892-இல் ஹென்றி நாய்ஸ் என்னும் கண் மருத்துவர் ஆட்சேபித்து எழுதினார். பொருளுக்கு விலை பெறலாம், அறிவுக்குக் கூலி பெறலாகாது என்பதே அந்த ஆட்சேபத்தின் சாரம். பிரென்டிஸோ வெறும் வணிகர் அல்லர். லென்ஸின் மையத்திலிருந்து விலகிப் பார்க்குங்கால் ஒளி எவ்வளவு திசைமாறும் என்று கணக்கிடும் விதி இன்றும் அவர் பெயராலேயே மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. அவரை ஆட்சேபித்த மருத்துவரின் பெயரோ இந்தத் தகராற்றைச் சொல்லும்போதுதான் பெரும்பாலும் நினைவுக்கு வருகிறது!

பிரென்டிஸும் அவரைச் சார்ந்தோரும் சட்டத்தின் துணையை நாடினர். 1901-இல் மின்னசோட்டாவும் 1903-இல் கலிபோர்னியாவும் இத்தொழிலுக்குச் சட்டம் இயற்றின. பிரென்டிஸின் சொந்த மாநிலமான நியூயார்க் 1908 வரை காத்திருந்தது. உரிமம் வேண்டுமெனில் தேர்வு வேண்டும்; தேர்வுக்கு முறையான கல்வி வேண்டும். கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1910-இலும், ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் 1914-இலும் இப்பாடத்தைத் தொடங்கின.

பெர்க்லியில் 1923-இல் இக்கல்வி பௌதிகத் துறையின் ஒதுக்கிடத்தில் தொடங்கியது. பணம் எங்கிருந்து வந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. கலிபோர்னியாவில் உரிமம் பெற்றிருந்த பார்வையளவியலர்கள் தாம் ஆண்டுதோறும் செலுத்தும் உரிமக் கட்டணத்தின் பெரும்பகுதி பல்கலைக்கழகத்தில் இக்கல்விக்கே செல்லுமாறு சட்டம் செய்வித்தனர். கல்லூரிப் படியை மிதித்திராத கடைக்காரர் பலரும் அவர்களுள் இருந்தனர். தமக்குப் பின் வருவோர் தம்மினும் கற்றவராய் வரவேண்டுமென ஆண்டுதோறும் சிறுதொகை கொடுத்தவர்கள் அவர்கள். பௌதிக ஆசிரியரான ரால்ப் மைனர் முதல் இயக்குநராக இருந்து இதனை வளர்த்தார். 1941-இல் இது தனிப் பள்ளியாயிற்று. அவர் பெயரிலேயே ஒரு கட்டடம் இன்றும் உண்டு.

இங்குப் பணியாற்றிய பேராசிரியர்களுள் இயன் பெய்லியைச் சிறப்பாகக் கூற வேண்டும். மருத்துவமனைச் சுவரில் நாம் காணும் எழுத்துப் பலகை 1862-இல் ஸ்னெல்லன் வகுத்தது. மேல்வரியில் ஒரே எழுத்து, கீழே போகப்போகப் பல எழுத்துகள் என்பதால் வரிக்கு வரி சோதனையின் கடுமை மாறிவிடுகிறது. பெய்லி 1976-இல் ஜான் லோவி என்னும் அம்மையாருடன் ஆஸ்திரேலியாவில் புதிய பலகை ஒன்றை வகுத்தார். அதில் ஒவ்வொரு வரியிலும் ஐந்தெழுத்துகள்; மூன்று வரி இறங்கினால் எழுத்தின் அளவு சரிபாதி. பின்னர் அவர் பெர்க்லியில் நெடுங்காலம் கற்பித்தார். இன்று கண் ஆய்வுகளில் இம்முறைப் பலகைகளே பெரிதும் பயன்படுகின்றன.

தொழிலுக்குத் திறந்த வாயில் எல்லா மக்களுக்கும் ஒருபோலத் திறக்கவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களுள் இத்துறையினர் மிகச் சிலரே இருந்தமையால், 1969-இல் வர்ஜினியா மாநில ரிச்மண்டில் கிளேடன் பவல், ஜான் ஹவுலெட் ஆகிய இருவரும் தேசியப் பார்வையளவியல் சங்கத்தை நிறுவினர். தம் இன இளைஞரைப் பள்ளிகளில் சேர்ப்பித்தல் அதன் முதன்மை வேலைகளுள் ஒன்று. கலிபோர்னியாவிலோ, மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருதி முன்னுரிமை அளிப்பதை 1996-இல் வாக்காளர்கள் தடை செய்தனர். 2020-இல் அத்தடையை நீக்கும் முயற்சியும் வாக்கெடுப்பில் தோற்றது. ஆகவே சேர்க்கைக்கு முன்னதாகவே இளைஞரைத் தேடிச் சென்று ஆயத்தம் செய்யும் பணியே அங்குப் பெரிதும் எஞ்சியுள்ளது.

2021-இல் ஹெர்பர்ட் வெர்தைம் ஐந்து கோடி டாலர் வழங்க, பள்ளி அவர் பெயரைத் தாங்கியது. பார்வையளவியலரும் கண்டுபிடிப்பாளருமான அவர் இளமையில் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கே இடர்ப்பட்டவர்.

நம் சென்னையில் சங்கர நேத்ராலயாவைச் சார்ந்த எலைட் பார்வையளவியல் பள்ளி 1985-இல் தொடங்கிற்று. பார்வையளவியலரைத் தன் பட்டியலில் சேர்த்த இந்தியச் சட்டம் வந்ததோ 2021-இல்தான். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயின்றோர் நான்காண்டுப் பட்டப்படிப்பாக இதனைப் பயிலலாம். இறுதியாண்டு மருத்துவமனைப் பயிற்சியில் கழியும்.