பெண்கள் பாடசாலையும் பேச்சு மேடையும்

பெண்கள் பாடசாலைகளிற் பேச்சுப் போட்டி நடத்துவதும், வென்ற மாணவிக்குப் பரிசளித்து மகிழ்வதும் இன்று வழக்கமாகிவிட்டன. ஆனால் இம்மேடை எளிதிற் கிடைத்ததன்று என்பதை நாம் மறத்தலாகாது.

அமெரிக்க மிஷனார் 1824ஆம் ஆண்டிலேயே உடுவிலிற் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை நிறுவினர். நம் சைவ மக்களிடையே, 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு வித்தியாசாலையும் கண்டார். சைவப் பெண்களுக்கெனச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்திற் கல்லூரி திறந்ததோ 1913இலேதான். இடையிற் கழிந்தவை அறுபத்தைந்து ஆண்டுகள்!

அப்பெரியாரே பின்னர்ப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தார் என்பதும் வரலாறு. ஆயினும் 1931இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ்ப் பெண்கள் அவ்வுரிமையைப் பெற்றனர். 1932இல் திருமதி நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்குத் தொகுதியில் வென்று அரசாங்க சபையில் அமர்ந்தார். கற்ற பெண் தன் கருத்தைத் தானே உரைப்பாள். அதனைத் தடுத்தல் எவர்க்கும் அரிது.

இன்றோ நம்மிடம் ஒரு குறை உண்டு. தந்தையோ ஆசிரியரோ எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை மனனஞ் செய்து ஒப்புவிக்கிறாள். குரல் அவளுடையது, சொல் பிறருடையது.

பெரியோர்களே, நூல்களைக் கொடுங்கள். ஐயங்களைத் தீர்த்து வையுங்கள். பேச்சை அவளே எழுதட்டும். சகோதரிகளே, இடையிலே தடுமாறினாலும் உங்கள் சொல்லையே சொல்லுங்கள். பரிசு தவறினும் குற்றமில்லை. நெடுங்காலங் காத்திருந்து பெற்ற மேடை உங்கள் சொந்தக் குரலையே கேட்க வேண்டும்.