சிலாபத்துப் பயணிகளை எண்ணிய கதை

சிலாபம் என்ற பெயர், முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்ற சொல்லின் திரிபு என்பர். ஒல்லாந்தர் காலத்தில் இக்கரையோரச் சரக்குகள் கால்வாய் வழியே சென்றன. பின்னர் புகையிரதப் பாதை 1909இல் நீர்கொழும்புக்கும், 1916இல் சிலாபத்துக்கும், 1926இல் புத்தளத்துக்கும் வந்து சேர்ந்தது.

பாதை அமைப்போர் முன் எக்காலத்தும் ஒரே கேள்விதான்: யார், எங்கிருந்து, எங்கே, எப்போது செல்கின்றனர்? பயணச்சீட்டு இதற்குப் பாதி விடையே தரும். ஆகவே வீடு வீடாகச் சென்று விசாரிப்பது மரபாயிற்று. ஜப்பானின் ஜைக்கா நிறுவன உதவியுடன் கொழும்புப் பெருநகருக்காக 2013இல் நடந்த வீட்டாய்வும் அத்தகையதே. ஆனால் அது மேல் மாகாணத்துக்குரியது. அம்மாகாணம் மாஓயாவோடு முடிந்துவிடுகிறது. ஆற்றுக்கு வடக்கே, வடமேல் மாகாணத்திலுள்ள சிலாபத்தார் கொழும்பு செல்லும் புகையிரதத்தில் இருந்தனர். அந்த வீட்டுக் கணக்கில் இல்லை.

அக்காலத்திலேயே லேர்ன் ஏசியா என்ற கொழும்பு ஆய்வு நிறுவனம் வேறொரு வழியைக் கையாண்டது. கட்டணக் கணக்குக்காகக் கைத்தொலைபேசிக் கம்பனிகள், ஒவ்வோர் அழைப்பும் எந்தக் கோபுரத்தின் வழியே சென்றது எனக் குறித்து வைக்கின்றன. ஸ்ரீகணேஷ் லோகநாதன் முதலிய ஆய்வாளர்கள், இலக்கங்கள் மறைக்கப்பட்ட அப்பதிவுகளைப் பெற்று ஆராய்ந்தனர். இரவில் மிகுதியாகப் பதிவாகும் கோபுரம் வீட்டுக்கு அருகிலும், பகலில் பதிவாகும் கோபுரம் வேலைத்தலத்துக்கு அருகிலும் இருக்கும் என்பது அவர்களின் அடிப்படை. கொழும்பு நகரின் பகல்நேர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியிலிருந்து வருவோர் என அக்கணக்கு காட்டிற்று. கோபுரங்களுக்கு மாகாண எல்லை கிடையாது என்பதே இம்முறையின் சிறப்பு.

குறைகளும் உண்டு. அழைப்பு இல்லாத வேளையில் அப்பதிவும் இல்லை. தொலைபேசி இல்லாதவர் கணக்கிலேயே இல்லை. பஸ்ஸில் சென்றவரையும் புகையிரதத்தில் சென்றவரையும் அது எளிதில் பிரித்தறியாது.

இவற்றினும் பெரிது அந்தரங்கம். இடமும் நேரமும் சேர்ந்த நான்கு புள்ளிகள் கிடைத்தால், நூற்றுக்கு 95 பேரைப் பெயரின்றியே தனித்தறியலாம் என 2013இல் வெளியான ஓர் ஐரோப்பிய நாட்டுத் தரவாய்வு காட்டியது. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிதோறும் அடையாள அட்டையை நீட்டி, எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு விடை சொல்லிப் பழகியவர்கள் நம்மவர்கள். அதே கேள்வியைச் சாலை போடுவதற்காகக் கேட்டாலும் அவர்களுக்கு அச்சம் எழுவது இயல்பே. இலங்கை தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல்தான் இயற்றியது. எண்ணப்படாத ஊருக்குப் பஸ் வராது. எண்ணுகிறவனுக்குக் கட்டுப்பாடு இல்லையேல் ஊருக்கு நிம்மதி இராது. சிலாபத்துக்கு இவ்விரண்டும் வேண்டும்.