188 பைட்டில் ஓர் உடன்படிக்கை: டிஜிட்டல் தொலைக்காட்சியில் போட்டியாளர்கள் ஒன்றுகூடிய வரலாறு

டிஜிட்டல் ஒளிபரப்பில் எந்த நிகழ்ச்சியும் முழுதாக வீடு வந்து சேர்வதில்லை. செயற்கைக்கோள் வழியே வந்தாலும் கேபிள் வழியே வந்தாலும், படமும் ஒலியும் 188 பைட் நீளமுள்ள சிறு பொட்டலங்களாக நறுக்கப்பட்டு வருகின்றன. செட்டாப் பெட்டி அவற்றைப் பிரித்து, அடுக்கி, மீண்டும் படமாக்குகிறது. கணினித் துறையினர் விரும்பும் 128, 256 போன்ற எண்களை விட்டு, 188 என்னும் வினோதமான எண் எப்படி வந்தது?

விடை தொலைபேசித் துறையில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் தொலைபேசி நிறுவனங்கள் ஏ.டி.எம். என்னும் புதிய வலையமைப்பை உருவாக்கிக்கொண்டிருந்தன. (பணம் எடுக்கும் இயந்திரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) அந்த வலையமைப்பின் ஒவ்வொரு சிற்றறையும் 48 பைட் தகவலைச் சுமக்கும். அதில் ஒரு பைட்டை ஒழுங்குபடுத்தும் வேலைக்கு ஒதுக்கினால் மிஞ்சுவது 47. நான்கு 47 சேர்ந்தால் 188. நாளை தொலைக்காட்சி தங்கள் கம்பிகளிலும் பாயும் என்று தொலைபேசித் துறை எதிர்பார்த்தது. அந்த எதிர்பார்ப்புக்கு ஒளிபரப்புத் துறை இடம் கொடுத்தது. ஏ.டி.எம். வலை அவர்கள் கனவு கண்டபடி வீட்டுக்கு வீடு வந்து சேரவில்லை. எண் மட்டும் தங்கிவிட்டது. ஒரு சொல்லின் எழுத்துக்கூட்டலில் மறைந்துபோன பழைய ஒலிப்பு தங்கியிருப்பதைப் போல, இந்த எண்ணில் ஒரு பழைய பேச்சுவார்த்தை தங்கியிருக்கிறது.

தனித்து நடந்தவர்கள்

உயர்தெளிவுத் தொலைக்காட்சியின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்குப் பின் அந்நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சிக்கான ஆய்வில் இறங்கியது. தக்காஷி ஃபூஜியோ முதலியோரின் உழைப்பில் 1125 வரிகள் கொண்ட படமுறை உருவானது. அதை ஒளிபரப்புவதற்கு மியூஸ் என்னும் அனலாக் சுருக்க முறையும் வந்தது. அதையே உலகப் பொதுத் தரநிலையாக்க ஜப்பான் முயன்றது. 1986இல் டூப்ரோவ்னிக் நகரில் நடந்த சர்வதேச மாநாட்டில் ஐரோப்பா அதைத் தடுத்தது. தொலைக்காட்சிப் பெட்டிச் சந்தை முழுவதும் ஜப்பானிய நிறுவனங்களிடம் போய்விடும் என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது.

தடுத்த ஐரோப்பாவும் அதே பாதையில்தான் சென்றது. யூரேகா 95 என்ற திட்டத்தின்கீழ் எச்.டி.-மேக் என்னும் சொந்த முறையை உருவாக்கி, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அதைக் காட்டியது. அதுவும் அனலாக் முறையைத் தழுவியது. அதுவும் அரசுகளும் சில பெருநிறுவனங்களும் மேலிருந்து வகுத்தது. அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. ஜப்பானில் மியூஸ் ஒளிபரப்பு 1991இல் நாள்தோறும் எட்டு மணிநேரமாக விரிந்தபோதிலும், அந்த நாட்டின் எல்லையைத் தாண்டி அது வேர்விடவில்லை. இரண்டு முயற்சிகளிலும் திறமைக்குக் குறைவில்லை. ஆனால், தொலைக்காட்சி இனி ஒரு துறையின் சொத்து அல்ல என்பதை இரண்டும் உணரவில்லை.

ஆறு மெகாஹெர்ட்ஸ் என்னும் நெருக்கடி

அமெரிக்காவின் தொடக்கம் ஒரு தற்காப்பு நடவடிக்கை. ஒளிபரப்பாளர்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்த அலைவரிசைகளைக் காவல்துறை, தீயணைப்புத் துறை போன்றோரின் நடமாடும் வானொலிச் சேவைகள் கேட்டுக்கொண்டிருந்தன. 1987இல் 58 ஒளிபரப்பு அமைப்புகள் கூட்டாக எஃப்.சி.சி. எனப்படும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்திடம் மனு அளித்தன. உயர்தெளிவுத் தொலைக்காட்சி வரப்போகிறது, அதற்கு இடம் வேண்டும், ஆகவே அலைவரிசைகளைக் கொடுத்துவிட வேண்டாம் என்பது மனுவின் சாரம். ஆணையம் தன் முன்னாள் தலைவர் ரிச்சர்ட் வைலியின் தலைமையில் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தது. புதிய முறை எதுவானாலும் பழைய அலைவரிசை ஒன்றின் அகலமான ஆறு மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்க வேண்டும் என்ற நிபந்தனை பின்னர் உறுதியானது.

அந்த நிபந்தனையின் கடுமையை ஒரு கணக்கு விளக்கும். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம், நொடிக்கு 30 முறை, புள்ளி ஒன்றுக்கு 24 பிட் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 149 கோடி பிட் தேவை. ஆறு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இறுதியில் சுமந்ததோ 1.94 கோடி பிட். அதாவது, 77 பங்கில் ஒரு பங்குதான் செல்ல முடியும். எஞ்சிய 76 பங்கும் வழியிலேயே விடப்பட வேண்டும். பார்ப்பவருக்கு அது தெரியவும் கூடாது. தரைவழி ஒளிபரப்பில் இது இப்போதைக்கு ஆகாது என்றே பலரும் கருதினர். 1990 ஜூனில், முன்மொழிவுகளுக்கான இறுதிக்கெடு முடியும் தறுவாயில், ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் முழுக்க டிஜிட்டலான ஒரு முறையைச் சமர்ப்பித்தது. சில மாதங்களுக்குள் மற்ற அமெரிக்கப் போட்டியாளர்களும் டிஜிட்டலுக்குத் தாவினர்.

ஒரு நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம்

அந்த 76 பங்கை விடுவதற்கான கணித வழிகளுள் முதன்மையானது அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகியிருந்தது. 1974 ஜனவரியில் வெளியான டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்னும் கட்டுரையின் ஆசிரியர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்து கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தைச் சேர்ந்த கே.ஆர். ராவ். இந்த ஆய்வுக்கு நிதி கேட்டு அகமது 1972இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தபோது, கருத்து மிக எளியது என்ற குறிப்போடு அது நிராகரிக்கப்பட்டதாகப் பின்னாளில் அவரே எழுதினார். நிதி இல்லாமலேயே ஆய்வு நடந்தது.

கருத்து உண்மையில் எளியதுதான். ஒரு படத்தில் அருகருகே உள்ள புள்ளிகள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். நீலவானத்தின் ஒரு புள்ளியைச் சொன்னால் அடுத்த புள்ளியையும் ஏறக்குறைய சொன்னதாகிவிடும். எட்டுக்கு எட்டான ஒவ்வொரு கட்டத்தையும் மெதுவான மாற்றங்கள், வேகமான மாற்றங்கள் என்று பிரித்தெழுதினால், தகவலின் பெரும்பகுதி முதல் சில எண்களில் குவிந்துவிடுகிறது. கண் நுட்பமாகக் கவனிக்காத மற்றவற்றைத் தோராயமாக்கலாம், விட்டும்விடலாம். ஒளிப்படம், காணொளி அழைப்பு, தொலைக்காட்சி என ஒன்றோடொன்று தொடர்பில்லாதிருந்த துறைகள் இந்த ஒரே கருவியை எடுத்துக்கொண்டன. துறைகள் மேசைக்கு வருமுன்பே கணிதம் அவற்றை ஒன்றாக அமர்த்திவிட்டது எனலாம்.

வெற்றியாளர் இல்லாத தேர்வு

போட்டியிட்ட முறைகள் வர்ஜீனியாவின் அலெக்சாந்திரியாவில் நிறுவப்பட்ட ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டன. 1993 பிப்ரவரியில் சிறப்புக் குழு ஒன்று முடிவை அறிவித்தது: அனலாக் முறை விலக்கப்படுகிறது, நான்கு டிஜிட்டல் முறைகளில் எதுவும் தெளிவாக முந்தவில்லை. மீண்டும் சோதனை என்றால் செலவும் காலமும் ஆகும். அதில் தோற்பவர் நீதிமன்றம் செல்வது உறுதி. வைலியின் ஊக்குவிப்பில் பேச்சுவார்த்தை நீண்டு, அதே ஆண்டு மே 24 அன்று ஏ.டி. அண்ட் டி., ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம், பிலிப்ஸ், சார்னாஃப் ஆய்வு மையம், தாம்சன், ஜெனித் ஆகிய ஏழும் கிராண்ட் அலையன்ஸ் என்னும் பெருங்கூட்டணியாக இணைந்தன.

நட்பு அவர்களைச் சேர்க்கவில்லை. வென்றால் எல்லாம் என்பதைவிட, தோற்றாலும் பங்கு உண்டு என்பது பாதுகாப்பானது என்ற கணக்கே சேர்த்தது. இறுதி முறையில் ஒவ்வோர் உறுப்பும் ஒவ்வோரிடத்திலிருந்து வந்தது. அலைபரப்பு முறை ஜெனித்துடையது. ஒலி கூட்டணிக்கு வெளியே இருந்த டால்பியுடையது. படச்சுருக்கமும் 188 பைட் பொட்டலமும் எம்பெக்-2 என்னும் சர்வதேசத் தரநிலையினுடையவை.

பேசாமல் விட்டதன் பயன்

கூட்டணி அமைந்ததும் கதை முடிந்துவிடவில்லை. கணினித் துறை வாசலில் நின்றது. பழைய தொலைக்காட்சி, ஒற்றைப்படை வரிகளை ஒருமுறையும் இரட்டைப்படை வரிகளை மறுமுறையும் வரையும். கணினித் திரையோ எல்லா வரிகளையும் ஒரே வீச்சில் வரையும். ஒன்றுவிட்டு ஒன்று வரையும் முறையைப் புதிய நூற்றாண்டுக்கும் சுமந்து செல்லக் கூடாது என்று ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், காம்பேக் போன்ற நிறுவனங்கள் வாதிட்டன. ஒளிபரப்பாளர்களின் கேமராக்களும் கருவிகளும் பழைய முறையைச் சார்ந்தவை, அவர்கள் இறங்கிவரவில்லை. திரையின் அகல உயர விகிதத்தைப் பற்றித் திரைப்பட ஒளிப்பதிவாளர்களுக்கும் மனக்குறை இருந்தது.

வரைவுத் தரநிலையில் 18 பட வடிவங்களைப் பட்டியலிடும் அட்டவணை ஒன்று இருந்தது. சண்டை முழுவதும் அதைப் பற்றியதே. 1996 நவம்பர் இறுதியில் ஒளிபரப்பாளர்கள், தொலைக்காட்சிப் பெட்டி உற்பத்தியாளர்கள், கணினித் துறையினர் ஆகிய மூன்று தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: அரசு விதியிலிருந்து அந்த அட்டவணையை நீக்கிவிடுவது. எந்த வடிவம் சரி என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை; அதை விதியாக்க வேண்டாம் என்பதில்தான் ஏற்பட்டது. டிசம்பர் 24 அன்று ஆணையம் தரநிலையை ஏற்றது. பெட்டிகளோ 18 வடிவங்களையும் படிக்கக் கற்றுக்கொண்டன. சில கேள்விகளுக்கு விடையளிப்பதைவிட, அவற்றை வழக்குக்கு விட்டுவிடுவதே நல்ல இலக்கணம்.

வாசிப்பவருக்கு மட்டும் விதி

இந்த மனப்பாங்கு எம்பெக் குழுவில் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 1988இல் இத்தாலியரான லியோனார்தோ கியாரிலியோனேயும் ஜப்பானியரான ஹிரோஷி யசுதாவும் தொடங்கிய குழு அது. ஒளிபரப்பு, தொலைபேசி, கணினி, வட்டு உற்பத்தி எனப் பல துறைப் பொறியாளர்கள் அதில் அமர்ந்தனர். அவர்களின் முக்கியமான முடிவு ஒன்று: பிட் தொடரின் வடிவத்தையும், அதைப் பிரித்துப் படமாக்கும் டிகோடர் செய்ய வேண்டியதையும் மட்டுமே தரநிலை வகுக்கும், படத்தைச் சுருக்கும் என்கோடர் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லாது. அந்த ஆவணத்தின் பகுதிகளுக்கே தொடரியல், பொருண்மையியல் என்னும் மொழியியல் பெயர்கள்தாம்.

இதன் பொருள், படிப்பவர் எல்லோருக்கும் ஒரே இலக்கணம், எழுதுபவருக்கு முழுச் சுதந்திரம் என்பது. நிறுவனங்கள் போட்டியிட ஓர் இடம் வேண்டும். அது என்கோடரில் கிடைத்தது. மக்கள் வாங்கிய பெட்டி வீணாகாதிருக்க ஓர் உறுதி வேண்டும். அது டிகோடரில் கிடைத்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல என்கோடர்கள் மேம்பட, வீட்டிலிருந்த அதே பழைய பெட்டியில் அதே படம் குறைந்த பிட்டில் வந்தது.

காப்புரிமைச் சிக்கலுக்கும் ஒரு கூட்டு வழி காணப்பட்டது. எம்பெக்-2 பல நிறுவனங்களின் காப்புரிமைகளைத் தொட்டது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே உரிமம் பெறுவது யாருக்கும் இயலாது. 1997இல் அமெரிக்க நீதித்துறையின் ஆட்சேபமின்மையைப் பெற்று, எம்பெக் எல்.ஏ. என்னும் அமைப்பு அவற்றை ஒரே தொகுப்பாக்கி, டிகோடர் ஒன்றுக்கு 4 டாலர் என்று தொடங்கியது. சிறு தொகைதான், ஆனால் விற்ற ஒவ்வொரு பெட்டியின் விலையிலும் அது இருந்தது. ஒத்துழைப்பும் இலவசமன்று.

கூட்டு நின்ற எல்லை

ஐரோப்பா தன் தோல்வியிலிருந்து விரைந்து கற்றது. 1993 செப்டம்பரில் ஒளிபரப்பாளர்களும் உற்பத்தியாளர்களும் ஒழுங்குமுறையாளர்களும் கையெழுத்திட்டு டி.வி.பி. கூட்டமைப்பை அமைத்தனர். அதன் நடைமுறையில், சந்தைக்கு என்ன தேவை என்பதை வணிகப் பிரிவு முதலில் வகுக்கும். அதன் பிறகே தொழில்நுட்பப் பிரிவு வேலையைத் தொடங்கும். ஆனால் கட்டணத் தொலைக்காட்சியின் பூட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருமை கலைந்தது. படத்தைக் கலைத்து அனுப்பும் முறை பொதுவாக்கப்பட்டது. அதைத் திறக்கும் சாவி முறை ஒவ்வொரு நிறுவனத்தின் கையிலேயே விடப்பட்டது.

அந்த எல்லைக்கோடு இந்தியாவின் வீடுகளுக்குள்ளும் ஓடுகிறது. 2003இல் தனியார் டி.டி.எச். சேவை தொடங்கியதும், 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தன் இலவசச் சேவையைத் தொடங்கியதும் டி.வி.பி. குடும்பத் தரநிலையில்தான். 2011ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கேபிளையும் டிஜிட்டலாக்கியது. ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொன்றிலும் இயங்க வேண்டும் என்ற நோக்கம் 2001ஆம் ஆண்டு டி.டி.எச். வழிகாட்டு நெறிகளிலேயே உண்டு. 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை மீண்டும் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. நடைமுறையில், சேவையை மாற்றுபவர் பெட்டியையும் மாற்றினார். மாடியிலிருந்து இறங்கும் சமிக்ஞை ஒரே இலக்கணத்தில் இருந்தும், பழைய பெட்டி பரணுக்குப் போனது.

அலைபரப்பு முறையிலும் உலகம் ஒன்றுபடவில்லை. தரைவழி ஒளிபரப்புக்கு அமெரிக்கா ஒன்று, ஐரோப்பா ஒன்று, ஜப்பான் ஒன்று, சீனா ஒன்று என்று பிரிந்தன. பிரிந்த நான்கும் உள்ளே சுமந்து சென்றது அதே 188 பைட் பொட்டலத்தைத்தான்.

இந்த வரலாறு ஒத்துழைப்பைப் பற்றிய இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொல்கிறது. எவரும் தனித்து வெல்ல முடியாத இடத்தில் கடும் போட்டியாளர்களும் பொது இலக்கணம் எழுதுகிறார்கள். அது தலைமுறைகளுக்கு உழைக்கிறது. பூட்டு லாபம் தரும் இடத்தில் அதே கைகள் பேனாவைக் கீழே வைத்துவிடுகின்றன. அந்த இரண்டாவது இடத்தில் பார்வையாளருக்காகப் பேச வேண்டியது ஒழுங்குமுறை அமைப்பின் பொறுப்பு. பரணில் தூசி படிந்து கிடக்கும் பெட்டிகள் அந்தப் பொறுப்பு எவ்வளவு நிறைவேறியது என்பதற்குச் சான்று.