குதிரையின் ஓநாய்ப் பல்

குதிரைக்குப் பல் வைத்தியமா, அது பந்தயக்காரங்க சமாச்சாரம் என்றுதான் நினைத்திருந்தேன். மங்கோலியா அந்த நினைப்பைக் கெடுத்துவிட்டது.

மான் உருவம் செதுக்கிய கற்களைச் சுற்றி அங்கே குதிரைத் தலைகளைப் புதைத்திருக்காங்க. வில்லியம் டெய்லர் குழுவினர் அவற்றை ஆராய்ந்து 2018-ல் எழுதினார்கள். சுமார் கி.மு. 1150-ல், ஓர் இளங்குதிரையின் கோணலான முன்பல்லை யாரோ அறுக்கப் பார்த்திருக்காங்க. அறுத்த தடம் பல்லிலேயே இருக்கு.

கி.மு. 750 வாக்கில் உலோகக் கடிவாளம் வருகிறது. கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் பல குதிரைகளுக்கு ஒரு குட்டிப் பல் முளைக்கும். ஆங்கிலத்தில் அதற்கு ஓநாய்ப் பல் என்று பெயர். மெல்ல உதவாது, ஆனால் கடிவாளக் கம்பி உட்காருவது அதன் பக்கத்தில்தான். உலோகம் இடிச்சா வலி உயிர் போகும். (கடைவாய்ப் பல் வேரில் சீழ் பிடித்து, சைனஸ் வழியாக ஒரு பக்க மூக்கில் நாற்றத்தோடு வடிகிற நோய் வேறு. அதற்குக் கடிவாளத்தைக் குறை சொல்ல முடியாது.)

அந்தக் காலத்துத் தலைகளில் இந்தக் குட்டிப் பல்லைப் பிடுங்கியிருக்காங்க. பிடுங்கிய குழி ஆறி, எலும்பு மூடியிருக்கிறது. அதாவது, பல் போன பிறகும் அந்தக் குதிரை உயிரோடு இருந்திருக்கிறது. இன்றைய குதிரை மருத்துவர்களும் இதே பல்லைத்தான் பிடுங்குகிறார்கள்.