கிரேஸ் ஹாப்பர் கணிமைப் பெண்கள் மாநாடு

கிரேஸ் ஹாப்பர் கணிமைப் பெண்கள் மாநாடு என்பது கணினியியல் துறைப் பெண்கள் தம் ஆய்வுகளையும் பணி அனுபவங்களையும் எடுத்துரைப்பதற்காக 1994 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தொடர் மாநாடு ஆகும். அனிதா போர்க், டெல் விட்னி ஆகிய இரு கணினி அறிவியலாளர்கள் இதனை நிறுவினர். குறு ஆய்வுரைகள், சுவரொட்டி அமர்வுகள், மாணவர் ஆய்வுப் போட்டி ஆகியன இதன் ஆய்வுப் பகுதியில் இடம்பெற்றன.

பெயர்க் காரணம்

அமெரிக்கக் கடற்படையில் ரியர் அட்மிரல் பதவி வரை உயர்ந்த கணினி அறிவியலாளர் கிரேஸ் ஹாப்பரின் (1906–1992) நினைவாக இம்மாநாடு பெயரிடப்பட்டது. இவர் 1952 ஆம் ஆண்டு ஏ-0 என்னும் தொடக்ககாலத் தொகுப்பியை (கம்பைலர்) உருவாக்கினார். கடினமான கருத்தைச் சில நிமிடங்களில் விளக்குவதில் இவர் வல்லவர். ஒரு நானோநொடியில் மின் சமிக்ஞை செல்லக்கூடிய பெரும தொலைவைக் காட்ட, ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள கம்பித் துண்டுகளைத் தம் உரைகளின்போது அவையோருக்கு வழங்குவது இவர் வழக்கம்.

பின்னணி

1987 ஆம் ஆண்டு இயங்குதளங்கள் பற்றிய ஆய்வு மாநாடு ஒன்றில் கலந்துகொண்ட போர்க், அங்குப் பெண்கள் மிகச் சிலரே இருப்பதைக் கண்டார். அதன் தொடர்ச்சியாக சிஸ்டர்ஸ் என்னும் மின்னஞ்சல் குழுவை அவர் தொடங்கினார். நேரில் சந்தித்து ஆய்வுகளைப் பகிர்ந்துகொள்ளும் களமாகப் பின்னர் இம்மாநாடு உருவாயிற்று.

இத்தகைய களத்தின் தேவையைப் பட்டதாரிகள் பற்றிய தரவுகள் உணர்த்துகின்றன. அமெரிக்காவில் கணினியியலில் இளநிலைப் பட்டம் பெற்றோருள் பெண்களின் பங்கு 1980களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்தது. இது 2010 அளவில் ஏறத்தாழ 18 விழுக்காடாகக் குறைந்தது. துறையில் தனித்து நிற்கும் ஆய்வு மாணவிக்குத் தன் முடிவுகளைப் பேசிப் பார்க்கவும், கேள்விகளை எதிர்கொள்ளவும், மூத்த பெண் ஆய்வாளர்களை அறியவும் வாய்ப்புகள் குறைவு.

வரலாறு

முதல் மாநாடு 1994 சூன் மாதம் வாசிங்டன் நகரில் ஏறத்தாழ 500 பேருடன் நடைபெற்றது. அடுத்த மாநாடுகள் 1997, 2000, 2002, 2004 ஆகிய ஆண்டுகளில் நடந்தன. 2006 முதல் ஆண்டுதோறும் நடத்தப்பட்டது. போர்க் 2003 ஆம் ஆண்டு காலமானார். அவர் 1997 இல் நிறுவிய அமைப்புக்கு அதே ஆண்டு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2010 ஆம் ஆண்டு இந்தியாவுக்கான தனி மாநாடு பெங்களூரில் தொடங்கப்பட்டது.

ஆய்வுரைகள்

முனைவர் பட்ட மாணவியருக்கும், பட்டம் பெற்று ஆய்வுப் பணியைத் தொடங்கியோருக்கும் தனித்தனி அமர்வுகள் அமைக்கப்பட்டன. ஏ.சி.எம். என்னும் பன்னாட்டுக் கணினியியல் சங்கத்தின் மாணவர் ஆய்வுப் போட்டியும் இம்மாநாட்டில் நடத்தப்பட்டது. இப்போட்டி பின்வரும் படிகளைக் கொண்டது:

1. போட்டியாளர் தம் ஆய்வைச் சுவரொட்டியாக வைத்து, நடுவர்களின் கேள்விகளுக்கு விடையளிப்பர்.
2. தேர்வு பெற்றோர் அவையின் முன் குறு ஆய்வுரை நிகழ்த்துவர். இது பொதுவாகப் பத்து நிமிட உரையும் அதனைத் தொடர்ந்து ஐந்து நிமிடக் கேள்வி நேரமும் கொண்டது.
3. இளநிலை, முதுநிலை ஆகிய பிரிவுகளில் முதலிடம் பெற்றோர் ஏனைய மாநாடுகளின் வெற்றியாளருடன் இறுதிப் போட்டியில் பங்கேற்பர்.

குறுகிய நேரத்துள் ஆய்வுச் சிக்கல் எது, முன்னோர் செய்தது என்ன, தாம் புதிதாகச் சேர்த்தது என்ன என்பவற்றைப் பிற துறையினருக்கும் விளங்குமாறு கூற வேண்டியிருப்பதால், ஆய்வாளர் தம் பங்களிப்பைத் தாமே தெளிவாக வரையறுத்துக்கொள்ள இவ்வுரைகள் உதவுகின்றன.

பிற மாநாடுகளில் தாக்கம்

இயந்திரக் கற்றல் துறைப் பெண்களுக்கான முதல் பயிலரங்கு 2006 இல் சான் டியேகோ நகரில் இம்மாநாட்டை ஒட்டி நடைபெற்றது. 2008 முதல் அது அத்துறையின் முதன்மை மாநாடுகளுள் ஒன்றான நிப்ஸ் மாநாட்டுடன் இணைந்து நடத்தப்பட்டது. இதனால் பெண்களின் ஆய்வுரைகள் தனி அவையில் மட்டுமன்றித் துறையின் பொது அவைக்கு அருகிலும் இடம்பெற்றன.

வளர்ச்சியும் விமர்சனமும்

2019 இல் பங்கேற்றோர் எண்ணிக்கை ஏறத்தாழ 25,000 ஆக உயர்ந்தது. இவ்வளர்ச்சியில் பெரு நிறுவனங்கள் ஆளெடுக்கும் வேலைவாய்ப்புச் சந்தைக்குப் பெரும் பங்குண்டு. கோவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் மாநாடு இணையவழி நடைபெற்றது. தொழில்நுட்ப நிறுவனங்களில் ஆட்குறைப்பு மிகுந்திருந்த 2023 ஆம் ஆண்டில், ஆர்லாண்டோ மாநாட்டின் வேலைவாய்ப்புச் சந்தைக்கு ஆண்கள் பலர் வந்தனர். பெண்களுக்குரிய நேர்காணல் வாய்ப்புகள் குறைந்தன என்று பங்கேற்பாளர் பலர் குறை கூறினர். பாலின அடிப்படையில் ஆண்களைத் தடுக்கச் சட்டம் இடம் தரவில்லை என்று அமைப்பாளர்கள் விளக்கினர்.

வேலைவாய்ப்புச் சந்தையில் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஆகையால் கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவருக்கும் கிட்டும் வாய்ப்பு குறைகிறது. ஆய்வுரை அரங்கிலோ கேட்போர் மிகுதல் உரையாற்றுபவருக்கு நன்மையாகவே அமைகிறது. ஒரே மாநாட்டின் இவ்விரு பகுதிகளுக்கும் இடையிலான இவ்வேறுபாட்டை 2023 நிகழ்வுகள் வெளிப்படுத்தின.

இவற்றையும் பார்க்கவும்

- கிரேஸ் ஹாப்பர்
- அனிதா போர்க்
- தொகுப்பி
- இயந்திரக் கற்றல்