ஒரு கிருமியின் குலவரலாறு

வெளியில் சாப்பிட்டுக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், "அசைவ ஓட்டலில் சாப்பிட்டிருப்பான்" என்று சொல்வது நம்மவர் வழக்கம். இந்தக் கிருமிகளின் வரலாற்றைப் படித்தால் அது பாதி உண்மைதான் என்று தெரியும்.

1885-ல் அமெரிக்காவில், டேனியல் சால்மன் என்ற கால்நடை மருத்துவரின் கீழ் வேலை பார்த்த தியோபால்ட் ஸ்மித், நோயுற்ற பன்றிகளிடமிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். கண்டவர் ஸ்மித், பேர் என்னவோ தலைவருக்குப் போய், சால்மோனெல்லா ஆயிற்று. 1880-லேயே கார்ல் எபெர்ட் கண்டிருந்த டைபாய்டுக் கிருமியும் இதே குலம் என்பது பின்னால் விளங்கியது. இன்று இக்குலத்தில் 2500-க்கு மேற்பட்ட வகைகள் எண்ணப்பட்டுள்ளன. கோழி, மாடு, பன்றி, மனிதன் என்று பல உடம்புகளில் வாழக்கூடியவை அநேகம். டைபாய்டுக் கிருமியோ மனிதனை விட்டால் வேறு வீடு இல்லாதது.

ஏன் அப்படி? 2001-ல் அதன் மரபணுத் தொகுதியை முழுசாக வாசித்தார்கள். 200-க்கு மேற்பட்ட மரபணுக்கள் செயலிழந்து கிடந்தன. பழைய பேரேட்டில் கோடு கிழித்து அடித்த வரிகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் தங்கிவிட்டவனுக்கு மற்ற ஊர்க் கணக்கு எதற்கு?

இந்த மாதிரிக் கிருமிகள் மனிதனிடம் எப்போது ஒட்டிக்கொண்டன? ரஷ்யா முதல் சுவிட்சர்லாந்து வரை கிடைத்த பழங்கால மனிதர்களின் பற்களிலிருந்து, 6500 ஆண்டு வரை பழமையான சால்மோனெல்லா மரபணுக்களைப் படித்து 2020-ல் வெளியிட்டார்கள். வேட்டையாடித் திரிந்த மனிதன் மந்தை வளர்த்து, பயிர் செய்து வாழத் தொடங்கிய பின்புதான், டைபாய்டின் பங்காளியான பாராடைபாய்டு-சி போன்ற மனிதனுக்கே உரிய கிளை உருவாயிற்று என்பது அவர்கள் முடிவு. அதற்கு மிக நெருங்கிய உறவு பன்றியிடம் வாழும் கிளை.

ஆகவே பிராணிகளிடமிருந்து பிரிந்த கதை பழங்கதை. இன்று டைபாய்டு வருவது இன்னொரு மனிதனின் மலம் கலந்த தண்ணீராலும், ஐஸாலும், கழுவாத கையாலும்தான். மாமிசம் தொடாத வீட்டுக்கும் அது வரும்.

எங்கள் சமணக் குடும்பங்களில் தண்ணீரைத் துணியில் வடிகட்டுவது பெரியோர் விதித்த நெறி. நீரில் வாழும் சிற்றுயிர்களைக் காக்க ஏற்பட்டது அது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே நீளமுள்ள இந்தக் கிருமி துணியில் நிற்காது. எங்கள் துறவிகள் காய்ச்சிய நீரையே அருந்துவார்கள். நமக்கும் காப்பு அதுதான்.

ஊர் விட்டு ஊர் வந்து ஹாஸ்டலிலும் மெஸ்ஸிலும் சாப்பிடும் நம் பிள்ளைகளிடம் "சைவ ஓட்டலா பார்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "தண்ணி கொதிக்க வச்சதா" என்றும் கேட்கச் சொல்லுங்கள்.